ஒரு பிரச்சினை, ஆறு வாரம்: பதின்ம வயதினரோடு உலக நடப்பைப் பேசும் முறை

உலக நடப்பு வகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு மாணவர் எழுந்து அன்றைய ஐந்து தலைப்புச் செய்திகளை வாசிப்பார். ஆசிரியர் இரண்டொரு வார்த்தை சொல்வார். அத்தோடு சரி. அடுத்த வாரம் வேறு ஐந்து. வருடக் கடைசியில் மிஞ்சுவது சில தலைநகரங்களும் தலைவர்களின் பெயர்களும்தான். வினாடி வினாவுக்கு அது போதும். ஓர் அணைக்காக இரண்டு நாடுகள் ஏன் பதினைந்து வருடமாக மல்லுக்கட்டுகின்றன என்று கேட்டால் வகுப்பு விழிக்கும்.

இந்த வயதில், அதாவது 14 முதல் 17 வரை, செய்திக்குப் பஞ்சமே இல்லை. கைபேசியைத் திறந்தால் போர், வெள்ளம், தேர்தல் எல்லாம் முப்பது வினாடி வீடியோவாக வந்து விழுகிறது. இல்லாதது ஒரே விஷயத்தோடு நீண்ட நேரம் உட்காரும் வாய்ப்பு. அதனால் செய்தியின் அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பிரச்சினை. வாரத்துக்கு இரண்டு பீரியட் வீதம் ஆறு வாரம். மற்ற உலகம் விட்டுப் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஒன்றை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தவர்கள் அடுத்த பிரச்சினைக்குள் பாதி நேரத்தில் நுழைந்துவிடுகிறார்கள்.

எதை எடுப்பது

அன்றைக்குப் பற்றி எரிகிற போரை எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் வரும் எண்களில் பாதி அடுத்த வாரம் மாறிவிடும். மாணவர்கள் ஏற்கெனவே ரத்தமும் சதையுமான வீடியோக்களைப் பார்த்துக் கொதித்துப் போயிருப்பார்கள். ஆசிரியரும் அப்படித்தான் இருப்பார். குறைந்தது மூன்று, நான்கு வருடமாக நடந்துகொண்டிருக்கும் விஷயமாக, ஆனால் இன்னும் முடியாததாகப் பாருங்கள்.

அதில் குறைந்தது மூன்று தரப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பிடமும் சுலபத்தில் தள்ளிவிட முடியாத நியாயம் ஒன்றாவது இருக்க வேண்டும். வரைபடத்தில் வரைந்து காட்ட முடிய வேண்டும். பள்ளிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய எண்கள் கிடைக்க வேண்டும். நைல் நதியில் எத்தியோப்பியா கட்டிய அணை, உக்ரைனின் தானியக் கப்பல்கள் வெளியேற வழிவிட்டு 2022 ஜூலை முதல் 2023 ஜூலை வரை நீடித்த கருங்கடல் தானிய ஒப்பந்தமும் அதன் முறிவும், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோபால்ட் சுரங்கங்கள் ஆகிய மூன்றும் இதில் தேறும். நீங்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருக்கும் விஷயம் தேறாது. மாணவர்கள் ஐந்தே நிமிடத்தில் அதை மோப்பம் பிடித்து, உங்களுக்குப் பிடித்த பதிலைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஆறு வாரத்துக்கு முன் முன்னோட்டமாக ஒரு பீரியட் வையுங்கள். அதற்கு 'எவர் கிவன்' கப்பல் நன்றாகக் கைகொடுக்கும். 400 மீட்டர் நீளக் கப்பல் அது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயின் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் வழியை அடைத்தது. அதைப் பற்றிய விவரங்களைத் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்: கட்டியது ஜப்பான், உரிமையாளர் ஜப்பானியர், இயக்கியது தைவான் நிறுவனம், கொடி பனாமா, தொழில்நுட்ப மேலாண்மை ஜெர்மானிய நிறுவனம், மாலுமிகள் இந்தியர்கள், போய்ச்சேர வேண்டிய இடம் நெதர்லாந்தின் ராட்டர்டாம், மாட்டிக்கொண்டது எகிப்தில். பிறகு ஒரே கேள்வி: நஷ்டத்தை யார் யாரிடம் கேட்பது? முதலில் எல்லோரும் கேப்டனைத்தான் காட்டுவார்கள். அடுத்து சீட்டுகளை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். நஷ்ட ஈட்டுப் பேச்சுவார்த்தை முடிந்து, அந்த ஜூலையில்தான் எகிப்து கப்பலை விடுவித்தது என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் போதும். ஒரு கப்பலுக்குள் எத்தனை நாட்டுச் சட்டம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் வாரம்: வரைபடம்

வெறும் ஏ4 தாளைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் உலகப் படம் வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடம், மதிப்பெண் கிடையாது. பெரும்பாலான படங்களில் சொந்தக் கண்டம் ஊதிப்போய் நடுவில் இருக்கும், ஆப்பிரிக்கா சுருங்கியிருக்கும், மத்திய ஆசியா இருக்கவே இருக்காது. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். ஆறாவது வாரத்தில் மறுபடி வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதன் பிறகு, சுவரில் வழக்கமாகத் தொங்கும் மெர்கேட்டர் உலகப் படத்தையும், நாடுகளின் பரப்பைச் சரியான விகிதத்தில் காட்டும் சமபரப்புப் படம் ஒன்றையும் அருகருகே காட்டுங்கள். மெர்கேட்டரில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்காவுடையது சுமார் 3 கோடி. பதினான்கு மடங்கு. வகுப்பே வாய்பிளக்கும்.

பெரும்பாலான ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான். 'பார்த்தீர்களா, வரைபடம் பொய் சொல்கிறது' என்று முடித்துவிடுகிறார்கள். அது அரைகுறைப் பாடம். 1569இல் மெர்கேட்டர் அந்தப் படத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. அதில் இழுக்கும் நேர்கோடு, திசைகாட்டியில் மாறாத ஒரே திசையாக இருக்கும். அந்த வேலைக்கு அது மிகச் சரியான படம். பழைய ரப்பர் பந்து ஒன்றை வெட்டி, கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக்கச் சொல்லுங்கள். முடியாது என்று கைக்கே தெரிந்த பிறகு, சமபரப்புப் படத்தில் எது கோணலாகிறது என்று கேளுங்கள். எந்தப் படம் எந்த வேலைக்கு என்று கேட்கும் பழக்கம் இங்கே பிடித்தால், எண்களிலும் செய்திகளிலும் அதே கேள்வி தானாக வரும்.

இரண்டாம் வாரம்: எண்கள்

கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டியல் தயாரியுங்கள். முதலாவது, ஒரு வருடத்தில் ஒவ்வொரு நாடும் வெளியிடும் மொத்த அளவு. இரண்டாவது, தலைக்கு எவ்வளவு. மூன்றாவது, தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து இதுவரை சேர்த்த கூட்டுத்தொகை. முதல் பட்டியலில் சீனா முன்னால் நிற்கும். இரண்டாவதில் கத்தார் போன்ற சிறிய எண்ணெய், எரிவாயு நாடுகள் மேலே ஏறிவிடும். மூன்றாவதில் அமெரிக்கா முதலிடம், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வகுப்பை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பட்டியல் மட்டும் கொடுத்து, 'யார் முதலில் குறைக்க வேண்டும்?' என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற இரண்டு பட்டியல்கள் இருப்பதைச் சொல்லாதீர்கள். பதில்களைப் பலகையில் எழுதும்போது சண்டை வரும். சண்டை சூடானதும் மூன்று தாள்களையும் எல்லோருக்கும் கொடுங்கள். முப்பது நிமிடத்துக்குள் முடிகிற பயிற்சி இது. பட்டியல் மொத்தத்துக்கா, தலைக்கா, எந்த வருடத்திலிருந்து என்று கேட்காமல் அதன் பிறகு ஒரு புள்ளிவிவரத்தையும் அவர்கள் விடுவதில்லை.

இதே வாரத்தில் நல்ல செய்தி ஒன்றும் வேண்டும். 1990இல் பிறந்த 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் உலக அளவில் சுமார் 93, 2022இல் 37. எண்ணைச் சொல்லும் முன் மாணவர்களின் ஊகத்தை எழுதி வாங்குங்கள். பெரும்பாலோர் நிலைமை மோசமாகியிருக்கும் என்றுதான் எழுதுவார்கள். செய்தியாகிறது என்பதால் கெட்டது மட்டும் கண்ணில் படுகிறது. முப்பது வருடமாக மெல்ல இறங்கும் கோடு எந்த நாளிலும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. அதற்காக 'உலகம் நன்றாகத்தான் போகிறது' என்று முடித்துவிடவும் கூடாது. 37 என்ற விகிதத்தில் 2022இல் மட்டும் சுமார் 49 லட்சம் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இரண்டு எண்ணையும் ஒரே பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

மூன்றாம் வாரம்: செய்தி எங்கிருந்து வருகிறது

'பல பத்திரிகைகளைப் படி' என்கிற அறிவுரை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போதாது. வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பெரும்பாலான பத்திரிகைகள் நம்பியிருப்பது ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், ஏஎஃப்பி போன்ற, செய்தி திரட்டிப் பத்திரிகைகளுக்கு விற்கும் சில முகமைகளைத்தான். ஐந்து பத்திரிகையில் ஒரே செய்தி வந்தால் ஐந்து சாட்சி கிடைத்துவிட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். பல சமயம் சாட்சி ஒன்றுதான்.

இதைப் பென்சிலால் காட்டலாம். ஒரே சம்பவத்தைப் பற்றி வெவ்வேறு ஐந்து செய்தித்தளங்களில் வந்ததை அச்செடுத்துக் கொடுங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகும் வாக்கியங்களுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடுத்து, 'சொன்னது யார்?' என்று ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எழுதட்டும்: நேரில் பார்த்த நிருபரா, அரசுச் செய்தித் தொடர்பாளரா, பெயர் சொல்லாத அதிகாரியா, முகமையா? கடைசியில் அடிக்கோடு விழாமல் மிஞ்சியதைப் பாருங்கள். அந்தத் தளம் தானாகச் சேர்த்தது அங்கே இருக்கும். பெரும்பாலும் தலைப்பிலும் கடைசிப் பத்தியிலும். பாகுபாடு அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

அரசுப் பணத்தில் ஓடும் ஊடகங்களைத் தவிர்க்க வேண்டுமா என்று எப்போதும் கேட்பார்கள். தேவையில்லை. அல் ஜசீராவுக்கு கத்தார், ஆர்டிக்கு ரஷ்யா, சிஜிடிஎன்னுக்கு சீனா, டாய்ச்சே வெல்லேவுக்கு ஜெர்மனி என்று பணம் வரும் இடத்தைத் தெரிந்துகொண்டு, அந்தந்த அரசு சம்பந்தப்பட்ட விஷயங்களில் கூடுதல் எச்சரிக்கையோடு படித்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து 'எல்லாம் பிரசாரம்தான்' என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். எதை வெளியிடுவது என்று தானே முடிவெடுக்கும் சுதந்திரத்துக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா, தன் அரசையே விமர்சித்த செய்தி எப்போதாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பின் தெரியாத இணையதளத்தை எடைபோடும் வழி ஒன்றும் இந்த வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் சில நொடியில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். உள்ளே ஆழமாகப் படிப்பதற்கு முன் வெளியே போய் விசாரி என்பதுதான் உத்தி. மூன்று நிமிடக் கெடு வைத்துப் பழக்குங்கள். கெடு இல்லாவிட்டால் தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

நான்காவது, ஐந்தாவது வாரம்: நைல்

எடுத்துக்கொண்ட பிரச்சினைக்குள் இப்போதுதான் இறங்குகிறோம்; இங்கே உதாரணம் நைல் அணை. மொத்தப் பாடத்திலும் கனமான பகுதி இது. நான்கு பீரியட் ஒதுக்குங்கள்.

எல்லோருக்கும் பொதுவான ஒரு பக்கத் தாள். அதில் இவை மட்டும் இருக்கட்டும். நைலுக்கு வரும் நீரில் ஏறத்தாழ 85 சதவிகிதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது. 1959இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி எகிப்துக்கு ஆண்டுக்கு 55.5 பில்லியன் கனமீட்டர், சூடானுக்கு 18.5 பில்லியன், எத்தியோப்பியா அதில் இல்லை. எகிப்தின் நன்னீரில் 90 சதவிகிதத்துக்கு மேல் நைல்தான். எத்தியோப்பியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மின் இணைப்பு இல்லை. 2011இல் நைலின் முக்கியக் கிளையான நீல நைலில், சூடான் எல்லைக்கு அருகே, எத்தியோப்பியா அணை கட்டத் தொடங்கியது. நீர்த்தேக்கக் கொள்ளளவு 74 பில்லியன் கனமீட்டர். அந்த இடத்தில் நீல நைலின் சராசரி ஆண்டு ஓட்டம் சுமார் 49 பில்லியன்.

வகுப்பில் 30 பேர் என்றால், எட்டுப் பேர் கொண்ட மூன்று நாட்டுக் குழு. மிச்சம் ஆறு பேரில் மூவர் பொறியாளர் குழு. கணக்குக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள். மற்ற மூவர் பார்வையாளர்கள். யார், எந்தத் தகவலைக் கேட்டு நிலைப்பாட்டை மாற்றினார் என்று குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. பேசப் பிடிக்காத மாணவர்களைப் பார்வையாளராக்கினால் அசத்திவிடுவார்கள்.

ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் ரகசியத் தாள் ஒன்று. அதில் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று, பேரம் பேசக்கூடியது இரண்டு, உள்நாட்டில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அணைக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பத்திரம் வாங்கியும் சம்பளத்தில் பிடித்தமாகவும் கொடுத்தவர்கள் எத்தியோப்பியக் குடிமக்கள். அந்த அரசு சும்மா பின்வாங்க முடியாது. எகிப்து அரசு டெல்டா விவசாயிகளின் முகத்தில் விழிக்க வேண்டும். சூடானுக்கு இரண்டு பக்கமும் கணக்கு உண்டு: வெள்ளம் குறையும், ஓட்டம் சீராகும், ஆனால் மேலே எப்போது எவ்வளவு திறக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கீழே இருக்கும் தன்னுடைய ரோசைரஸ் அணைக்கு ஆபத்து.

முதல் பீரியடில் வாசிப்பு 10 நிமிடம், கணக்கு 15 நிமிடம், குழுப் பேச்சு 20 நிமிடம். கணக்கு இதுதான்: நீர்த்தேக்கத்தை மூன்று வருடத்தில் நிரப்பினால் ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும்? ஏழு வருடம் என்றால்? மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு சுமார் 24.7 பில்லியன், அதாவது ஆற்றின் பாதி. ஏழு வருடத்துக்கு 10.6, ஐந்தில் ஒரு பங்கு. பிறகு ஒரு வறட்சி ஆண்டைக் கற்பனை செய்து, ஓட்டம் 30 பில்லியன் என்று வைத்துப் போடச் சொல்லுங்கள். மூன்று வருடத் திட்டம் அந்த ஆண்டு நீரில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்கும். அறையில் சத்தம் குறையும் இடம் அது.

இரண்டாவது பீரியட் பேச்சுவார்த்தை. தொடக்க உரை குழுவுக்கு இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் மணி அடித்துவிடுங்கள். கெட்டுப்போகும் விதங்கள் ஏறக்குறைய எப்போதும் மூன்றுதான். ஒன்று, நாடகம். உடை, உச்சரிப்பு, கொடி என்று இறங்கினால் நாட்டை நையாண்டி செய்வதாகவே முடியும். அதை முதலிலேயே தடை செய்துவிடுங்கள். இரண்டு, பத்தாவது நிமிடத்தில் யாராவது 'குண்டு போட்டுத் தகர்ப்போம்' என்பார்கள். திட்டாதீர்கள். யார் முன்மொழிந்தார்களோ அவர்களே அதன் விளைவைப் பொறியாளர் குழுவிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. நிரம்பிய அணை உடைந்தால் நீர் பாய்வது சூடான் வழியாக, கார்ட்டூம் நகரத்தை நோக்கி. எழுதி முடிப்பதற்குள் அவர்களே வாபஸ் வாங்கிவிடுவார்கள். மூன்று, சீக்கிரம் சமரசம். 'ஆளுக்குப் பாதி' என்று கைகுலுக்கி உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது பொறியாளர் குழு ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: தொடர்ந்து நான்கு வருடம் மழை பொய்த்தால் யார் எவ்வளவு திறக்க வேண்டும்?

உண்மைச் சிக்கலின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இது மின் உற்பத்திக்கான அணை. டர்பைன் சுழல வேண்டுமானால் தண்ணீர் கீழே போயே ஆக வேண்டும். நிரம்பிய பிறகு சாதாரண ஆண்டுகளில் மோதல் பெரிதாக இராது. நிரப்பும் காலமும் நீண்ட வறட்சியும்தான் சண்டைக்களம். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஏதாவது ஒரு மாணவர் எழுந்து, 'தண்ணியை அடைச்சு வெச்சா அவங்களுக்கே கரன்ட் வராதே?' என்று கேட்பார். அதுவரை காத்திருங்கள்.

மூன்றாவது பீரியடில் இருக்கை மாற்றம். எகிப்துக் குழு எத்தியோப்பியாவின் வாதத்தை வைக்க வேண்டும், எத்தியோப்பியா சூடானுடையதை, சூடான் எகிப்துடையதை. வெற்றிக்கு ஒரே அளவுகோல்: மூலக் குழு கேட்டுவிட்டு, 'ஆமாம், நாங்கள் சொல்ல நினைத்தது இதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன விட்டுப்போனது என்று சொல்லி மறுபடி பேசச் சொல்லலாம். இரண்டு, மூன்று சுற்று தேவைப்படும். நேரம் குறைவு என்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான்காவது பீரியடில் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சொந்தப் பெயரில் பேசட்டும். 'உங்கள் குழு சொன்னதில் நீங்களே நம்பாதது எது?' என்று தொடங்குங்கள். நடந்தது என்ன என்பதையும் இப்போதுதான் சொல்ல வேண்டும்: 2015இல் மூன்று நாடுகளும் கார்ட்டூமில் கொள்கைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன; 2020இல் எத்தியோப்பியா நிரப்பத் தொடங்கியது; 2025 செப்டம்பரில் அணையை முறைப்படி திறந்தது; அப்போதும் வறட்சிக் காலத்துக்கான, எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கவில்லை.

நேரம் மிஞ்சினால் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு அரை பீரியட் கொடுக்கலாம். 15 உறுப்பினர், தீர்மானம் நிறைவேற 9 வாக்கு, நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் எதிர்த்தாலும் செத்தது. வாக்களிக்காமல் ஒதுங்குவது எதிர்ப்பாகாது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 2011 மார்ச்சில் லிபியா பற்றிய 1973ஆம் தீர்மானம் 10 ஆதரவோடு நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சீனா, ரஷ்யா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் ஒதுங்கின. நிரந்தர உறுப்பினர்களாக இருந்தும், எதிர்த்துத் தடுக்க முடிந்தும், சீனாவும் ரஷ்யாவும் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டால் நல்ல விவாதம் கிடைக்கும்.

இடறும் இடங்கள்

'இரண்டு பக்கமும் நியாயம் உண்டு' என்பதை எல்லாவற்றுக்கும் பொருத்தினால் ஆபத்து. நைல் தண்ணீருக்கு அது பொருந்தும். 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்ததா என்பதற்குப் பொருந்தாது. பலகையை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது. முதல் பத்தியில் ஆதாரம் பேச வேண்டும், அபிப்பிராயத்துக்கு இடமில்லை. இரண்டாவதில் விளக்கங்கள் மோதலாம். மூன்றாவதில்தான் விழுமியங்கள் வரும். மாணவர்கள் சண்டை போடும்போது எந்தப் பத்தியில் நிற்கிறீர்கள் என்று கேட்டாலே பாதிச் சண்டை அடங்கும்.

வகுப்பில் யாராவது ஒரு மாணவரின் குடும்பத்துக்குப் பேசப்படும் நாட்டோடு உறவு இருக்கலாம்; அகதியாக வந்தவராகவும் இருக்கலாம். அவரை அந்த நாட்டின் பிரதிநிதியாக்கிப் பேசச் சொல்லவே கூடாது. பாடம் தொடங்க ஒரு வாரம் முன்பே தனியாகச் சொல்லிவிட்டு, எந்தப் பங்கு வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். வகுப்பைத் தவிர்க்க விரும்பினால் காரணம் கேட்காதீர்கள்.

சடலங்கள், காயம்பட்ட குழந்தைகள் ஆகியோரின் படங்களைத் திரையில் போட வேண்டாம். அதிர்ச்சி அடைந்த மனது கணக்குப் போடாது. மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் அதைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். மறுபடி காட்டித்தான் பேச வேண்டும் என்பதில்லை.

ஆசிரியரின் சொந்தக் கருத்தைக் கேட்பார்கள். மறைப்பதும் முதலிலேயே கொட்டுவதும் இரண்டுமே சரிப்படாது. நான்காவது பீரியட் முடியும் வரை சொல்ல மாட்டேன், அப்புறம் கேட்டால் காரணத்தோடு சொல்வேன் என்று முதல் நாளே அறிவித்துவிடுவது நடைமுறையில் ஒத்துவருகிறது. பெற்றோரிடமிருந்து வரும் புகார்களில் பெரும்பாலானவை, வகுப்பில் வேஷம் போட்டுப் பேசிய வரியை மாணவர் வீட்டில் தன் கருத்தாகச் சொல்வதால் வருபவை. பாடம் தொடங்கும் முன் அரைப் பக்கக் கடிதம் அனுப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பத்து நாள் பிரச்சினையிலேயே ஊறினால் 'எதுவும் தீராது' என்கிற சலிப்பு வரும். தீர்ந்த ஒன்றையும் ஒரு பீரியட் எடுத்துப் பிரித்துக் காட்டுங்கள். பனிப்போரின் நடுவே, பரம எதிரிகளான சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் பெரியம்மை ஒழிப்பில் சேர்ந்து வேலை செய்தன. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில். 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஓசோன் படலத்துக்கான 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையும் அப்படித்தான். உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லிவிட்டுப் போகாமல், இது ஏன் தீர்ந்தது, நைல் ஏன் தீரவில்லை என்று ஒப்பிடச் சொல்லுங்கள். தடுப்பூசியால் யாருக்கும் பங்கு குறையவில்லை. தண்ணீரில் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் என்று பெரும்பாலும் அவர்களே பிடித்துவிடுகிறார்கள்.

வேறு நாட்டு வகுப்போடு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். நேர வித்தியாசம், கோடைக்காலக் கடிகார மாற்றம், விடுமுறை, இணைய வேகம் என்று நாலு பக்கமும் இடிக்கும். கிடைக்கும் அரை மணியில் 'உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?' என்று கேட்டு முடிந்துவிடும். அதைவிட, ஒரே கரியமிலப் பட்டியலை இரண்டு வகுப்புக்கும் கொடுத்து, எழுதிய பதில்களைப் பரிமாறிக்கொள்வது எவ்வளவோ மேல். பதிலெழுத ஒரு வாரம் கொடுங்கள். அழைப்பு தேவையானால் கடைசியில், எழுதியதைப் பற்றி மட்டும்.

ஆறாவது வாரம்: எழுத்தும் உறையும்

எழுத்து வேலை 400 வார்த்தைக்குள் இருக்கட்டும். பிரச்சினை என்ன; தனக்குப் பிடிக்காத தரப்பின் மிக வலுவான வாதம் என்ன; தன் முடிவு என்ன; எந்தத் தகவல் கிடைத்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்வேன். மதிப்பெண்ணில் பாதியை இரண்டாவது பகுதிக்கு ஒதுக்குங்கள். முடிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். நான்காவது பகுதியில் 'எதுவும் மாற்றாது' என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதோடு ஒரு கணிப்புத் தாள். ஆறு மாதத்துக்குள் ஆம், இல்லை என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஐந்து கேள்விகளை வகுப்பே சேர்ந்து எழுதட்டும். 'உறவு மேம்படுமா?' என்பது கேள்வியே அல்ல. 'இந்தத் தேதிக்குள் மூன்று நாட்டு நீர்வள அமைச்சர்களும் ஒரே கூட்டத்தில் உட்காருவார்களா?' என்பது கேள்வி. எந்தச் செய்தியை வைத்துத் தீர்ப்பது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஒவ்வொருவரும் தன் நம்பிக்கையை சதவிகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும்.

பிரித்துப் பார்க்கும் நாளில் பிரையர் மதிப்பெண் முறையில் கணக்கிடலாம். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் நீங்கள் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்தான் மதிப்பெண். 70 சதவிகிதம் என்று எழுதி நடந்துவிட்டால் 0.09, நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதியவருக்கு எப்போதும் 0.25. மதிப்பெண் குறைவாக இருப்பவரே வென்றவர். 100 சதவிகிதம் என்று அடித்து எழுதித் தவறியவருக்கு முழுசாக 1 விழும். ஐந்து கேள்வியின் சராசரியையும் பலகையில் பெயர் போடாமல் எழுதுங்கள். அவரவர் எண்ணை அவரவர் தெரிந்துகொண்டால் போதும். சராசரி 0.25க்கு மேல் போனவர்கள், அதாவது பேசாமல் 50 என்று எழுதியிருந்தாலே நன்றாக வந்திருக்கும் என்கிற நிலையில் இருப்பவர்கள், தங்கள் 400 வார்த்தைத் தாளை எடுத்து எந்த வரியில் அளவுக்கு மீறி உறுதியாக இருந்தோம் என்று அடிக்கோடு போடட்டும். அடுத்த பருவத்துப் பிரச்சினையை வகுப்பு தேர்ந்தெடுப்பதையும் அதே பீரியடில் வைத்துக்கொள்ளலாம்.